குதிரையில் வந்த மாப்பிள்ளை

'டிஃப்ரெட்' படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் பேசுவது துப்பாக்கியைப் பற்றித்தான். 14 வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, தன்னைத் தூக்கிக்கொண்டு போனவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள் என்றால் பேசத்தானே செய்வார்கள். எனக்கென்னவோ, அவள் சுடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அந்தப் படத்தின் உண்மையான கதை என்று படுகிறது. அது விளங்க வேண்டுமென்றால் எத்தியோப்பியக் கிராமத்து வழக்கம், அந்த நாட்டுச் சட்டம், மரத்தடிப் பஞ்சாயத்து மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். பேச்சு நீளும்.

முதலில் படத்தின் ஜாதகம். 2014-ல் வெளிவந்தது. இயக்கியவர் ஜெரஸெனாய் பெர்ஹானே மெஹாரி; எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்தவர். பேச்சு அம்ஹாரிக் மொழியில். எல்லோரும் டிஜிட்டலுக்குப் போய்விட்ட காலத்தில் பிடிவாதமாக 35 மி.மீ. பிலிமில் எடுத்திருக்கிறார்கள். நிர்வாகத் தயாரிப்பாளர் என்று ஏஞ்சலினா ஜோலியின் பெயர் இருக்கிறது. வெளியுலகம் திரும்பிப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன். சன்டான்ஸ், பெர்லின் இரண்டு விழாக்களிலும் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருது கிடைத்தது. இவ்வளவு போதும்.

கதை 1996-ல் நடக்கிறது. அடிஸ் அபாபாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஒரு கிராமம். ஹிருத் என்ற பெண் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வருகிறாள். சுற்றிலும் மேய்ச்சல் வெளி, ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. குதிரைகளில் ஆண்கள் வந்து வளைக்கிறார்கள். ஓடுகிறாள், குதிரைக்கு முன்னால் எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்? தூக்கிக்கொண்டு போய் ஒரு குடிசையில் அடைக்கிறார்கள். இரவில் ததெலே என்பவன் உள்ளே வருகிறான். ஹிருத்தைப் பெண் கேட்டு அவள் அப்பாவிடம் ஏற்கெனவே போனவன். அப்பா முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இரவு அவளுக்கு நடப்பது வன்கொடுமை. மறுநாள் அங்கே கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவள் தப்பி ஓடுகிறாள். துரத்துகிறார்கள். கிட்டே வராதே என்கிறாள். அவன் வருகிறான். சுடுகிறாள். அவனோடு வந்தவர்கள் அவளை அங்கேயே தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். போலீஸ் வந்து கொண்டுபோகிறது, கொலைக் குற்றவாளியாக.

இந்தக் காட்சியில் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் யாரும் முகத்தை மறைக்கவில்லை. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கும்படி வருகிறார்கள். பணத்துக்காக ஆளைக் கடத்துகிறவன் தான் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்று பதறுவான். இங்கே ஊருக்குத் தெரிந்தால்தான் காரியம் ஆகும். இன்னார் மகளை இன்னார் மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்ற செய்தி, அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அக்கம்பக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். குதிரையில் வந்தவர்கள் தங்களை மாப்பிள்ளைத் தோழர்களாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு அங்கே தெலெஃபா என்று பெயர். நம் பழைய நூல்களில் எட்டு வகை மணம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பெண்ணை வலிந்து கொள்வதற்கு இராக்கதம் என்று தனியாகப் பெயரே உண்டு. ஆக, கேள்விப்படாத விஷயமில்லை. எத்தியோப்பியாவின் பல பகுதிகளில் இது இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும், பெண் எடுக்கும் ஒரு வழியாகவே இருந்தது.

எப்படி நடக்கும் என்றால், ஒருவன் பெண் கேட்கிறான், கிடைக்கவில்லை. அல்லது கேட்டால் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும்: பெண்வீட்டுக்குத் தர வேண்டிய மாடும் பணமும் கையில் இல்லை, அல்லது குடும்பம் பொருந்தவில்லை. நண்பர்களைக் கூட்டிக்கொள்கிறான். பெண் தனியாகப் போய்வரும் இடம் எது என்று பார்க்கிறான். தண்ணீர் எடுக்கும் இடம், விறகு பொறுக்கும் இடம், பள்ளிக்கூடப் பாதை. தூக்கிக்கொண்டு போய் மறைத்துவைத்து அவளோடு உறவுகொண்டுவிட்டால், ஊர்க்கணக்கில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. கன்னி கழிந்த பெண்ணை இனி வேறு எவனும் கேட்டு வரமாட்டான். அடுத்த நாளோ அடுத்த வாரமோ பையன் வீட்டிலிருந்து பெரியவர்கள் பேச வருவார்கள். நடந்தது நடந்துவிட்டது, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்பார்கள். பெண்ணின் அப்பா முதலில் கொதிப்பார், பிறகு கணக்குப் போடுவார், பிறகு தலையசைப்பார். ஈடாக மாடு கைமாறும். கடத்தல் நடந்த இடத்தில் ஒரு குடும்பம் உண்டாகிவிடும்.

எல்லாமே இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பெண்ணும் பையனும் பேசிவைத்துக்கொண்டு, கல்யாணச் செலவுக்கோ பெற்றோர் தடைக்கோ பயந்து, கடத்தல் மாதிரி நாடகம் ஆடியதும் உண்டு. இந்த நாடகங்கள்தான் நிஜக் கடத்தலுக்குக் கவசமாகிப் போயின. எந்தப் பெண் அழுதாலும், அவளும் சம்மதித்துத்தான் போயிருப்பாள் என்று சொல்ல ஊருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது.

பள்ளிக்கூடப் பாதை என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவு தனி. வழியில் தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், பெண் கொஞ்சம் வளர்ந்ததும் பெற்றோர் படிப்பை நிறுத்திவிடுவார்கள். கடத்தப்பட்டவள் ஒருத்தி என்றால், அந்தப் பயத்தால் வீட்டோடு முடங்கியவர்கள் எத்தனையோ பேர். ஹிருத்தைப் புத்தகமும் கையுமாகக் காட்டிவிட்டுப் பிறகு குதிரைகளைக் காட்டுவதில் இயக்குநர் இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறார்.

"சரி, வழக்கம் அப்படி. சட்டம் என்று ஒன்று இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருந்தது. அங்கேதான் வேடிக்கை.

எத்தியோப்பியாவில் அப்போது நடப்பில் இருந்தது 1957-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். ஹைலே செலாஸி பேரரசராக இருந்தபோது வந்தது. நாட்டை நவீனமாக்க வேண்டும் என்று வெளிநாட்டு வல்லுநர்களை அழைத்து எழுதவைத்தார். தண்டனைச் சட்டத்தை வரைந்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ழான் கிராவென் என்ற சட்டப் பேராசிரியர். அதில் பெண்ணைக் கடத்துவது குற்றம்தான். ஆனால் அதே 558-ஆம் பிரிவிலேயே ஒரு புறவாசலும் இருந்தது: கடத்தப்பட்ட பெண், கடத்தியவனை மனமுவந்து முறைப்படி மணந்துகொண்டால், அவன்மேல் வழக்குத் தொடர முடியாது. வன்புணர்வுக்கும் இதே மாதிரி ஒரு விலக்கு இருந்தது.

இதை ஆப்பிரிக்கக் காட்டுவழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்காகத்தான் பேராசிரியரின் ஊரைச் சொன்னேன். வழக்கம் கிராமத்தில் பிறந்தது. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பை ஐரோப்பாவில் படித்த பேனா எழுதிக்கொடுத்தது. பெண் பூட்டிய குடிசைக்குள் இருக்கிறாள். அவளுடைய அப்பா பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். இந்த நிலையில் அவள் மனமுவந்துதான் சம்மதித்தாள் என்று யார் போய், யாரிடம், எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? சட்டம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வாருங்கள். ஹிருத் சுடாமல் இருந்திருந்தால்? அவள் ததெலேயின் மனைவியாகியிருப்பாள். குற்றம் என்று ஒன்று நடந்ததாகவே எந்த ஏட்டிலும் இருந்திருக்காது. அவள் சுட்டதால்தான் அந்த ஊரில் முதல்முறையாகப் போலீஸ் ஏட்டில் ஒரு குற்றம் பதிவாகிறது. அதுவும் அவள் செய்த குற்றமாக.

ஐரோப்பா என்றதும் இத்தாலியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. சிசிலித் தீவில் அல்கமோ என்ற ஊர். 1965 டிசம்பர் 26 அன்று ஃபிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண்ணை, அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவன் ஆட்களோடு வந்து தூக்கிக்கொண்டு போனான். ஒரு வாரத்துக்கு மேல் அடைத்துவைத்தான். பிறகு சமரசத் தூது வந்தது. அவளுடைய அப்பா ஒப்புக்கொள்கிற மாதிரி நடித்து, போலீஸிடம் பிடித்துக்கொடுத்தார். இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544-ஆம் பிரிவும் அச்சு அசல் இதே சலுகையைத் தந்தது: கெடுத்தவன் கட்டிக்கொண்டால் வழக்கு இல்லை. ஃபிராங்கா கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். ஊர் அவர்களை ஒதுக்கியது. திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள். அவனுக்கு 11 ஆண்டுத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் அது 10 ஆனது. இந்த நிகழ்ச்சியை வைத்து டமியானோ டமியானி 1970-ல் ஒரு படம் எடுத்தார். நடிகை ஓர்னெல்லா மூத்தி அறிமுகமான படம் அதுதான். பெண் 1966-ல் மறுத்தாள், படம் 1970-ல் வந்தது, 544-ஆம் பிரிவை நீக்க 1981 ஆயிற்று.

நம் பக்கமும் வாயைத் திறக்கத்தான் வேண்டும். "கெடுத்தவனுக்கே கட்டிவை" என்ற தீர்ப்பைத் தமிழ் சினிமாப் பஞ்சாயத்துகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம். 'நாட்டாமை' படத்தில் ஆலமரத்தடியில் அப்படிச் சொல்லும்போது தியேட்டரில் கைதட்டினார்கள். 'புதிய பாதை'யில் பெண்ணே கெடுத்தவனைத் தேடிப் போய்க் கூடவே இருந்து திருத்துவாள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. நன்றாக எடுத்த படம்தான், மறுக்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எத்தியோப்பிய விலக்கு மாதிரி ஒன்று இருந்ததில்லை. இருந்தும் 2015-ல், சிறுமியைக் கெடுத்துத் தண்டனை பெற்ற ஒருவன் அந்தப் பெண்ணோடு சமரசம் பேசிக்கொள்ளட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆக, எத்தியோப்பியக் கிராமத்தைப் பார்த்து நாம் ரொம்பவும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

படத்துக்குத் திரும்புவோம். ஹிருத்துக்காக வருகிறவர் மெயாஸா அஷெனாஃபி என்ற வக்கீல். இது கற்பனைப் பாத்திரம் இல்லை. அதே பெயரில் நிஜத்தில் இருப்பவர். நீதிபதியாக இருந்துவிட்டு வெளியே வந்து, 1995-ல் எத்தியோப்பியப் பெண் வழக்கறிஞர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். ஏழைப் பெண்களுக்குக் காசு வாங்காமல் வழக்காடுவது அந்தச் சங்கத்தின் வேலை. படத்தில் மெரோன் கெத்னெத் இந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். குரலை உயர்த்தாமல் பிடிவாதம் பிடிக்கிற ஆள். அதை அலட்டாமல் செய்திருக்கிறார்.

வழக்கில் இரண்டு முடிச்சுகள். ஒன்று வயது. சிறுமியா, பெரியவளா என்பதைப் பொறுத்துத்தான் அவளைச் சிறையில் வைக்கலாமா, எந்த விதிப்படி விசாரிப்பது என்பதெல்லாம். கிராமத்தில் பிறந்த பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? அவளுக்கு 14 வயது என்று அம்மா சொல்வது காகிதம் ஆகாது. அரசுத் தரப்பு பார்வைக்குத் தெரிகிற வயதைச் சொல்கிறது. வக்கீல் டாக்டரைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. கட்டிக்கொடுக்கிற வயது வந்துவிட்டது என்று ஊர் ஒரே பார்வையில் முடிவுசெய்துவிடும்; அதே பெண் குழந்தைதான் என்று நிரூபிக்க மட்டும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முடிச்சு தற்காப்பு. சட்டத்தில் தற்காப்புக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. ஆபத்து அந்த நொடியில் கண்முன்னே நிற்க வேண்டும். ஹிருத்துக்குக் கொடுமை நடந்தது இரவில். அவள் சுட்டது மறுநாள். இரவில் நடந்ததற்குப் பழிவாங்கச் சுட்டாள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது கொலை. அவளுடைய வக்கீல் என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கடத்தல் இரவோடு முடிந்த சம்பவம் இல்லை. அவளைத் திரும்பப் பிடித்துக் குடிசைக்குக் கொண்டுபோகத்தான் அவர்கள் துரத்தினார்கள். பிடிபட்டால் அதே இரவு மறுபடி வரும், பிறகு ஆயுள் முழுக்க வரும். கல்யாணம் என்று ஊர் சொல்லும் ஒன்றை, தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் தாக்குதல் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் ஒழிய அவள் தப்ப முடியாது. வழக்கின் உயிர்நாடி அதுதான்.

நீதிமன்றத்துக்கு முன்னாலேயே இன்னொரு நீதிமன்றம் கூடிவிடுகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரிய மரம், அதன் நிழலில் ஊர் ஆண்கள். இறந்தவனின் அப்பா ஒரு பக்கம், ஹிருத்தின் அப்பா ஒரு பக்கம். மற்றப் படங்களாக இருந்தால் இந்தப் பெரியவர்களை மீசை முறுக்கும் கொடியவர்களாகக் காட்டியிருப்பார்கள். இங்கே மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. மகனைப் பறிகொடுத்தவரின் துக்கம் நிஜமான துக்கம். இரத்தப்பழி தொடர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையும் நிஜம். அப்படித் தொடர்ந்தால் இரண்டு குடும்பங்களிலும் பிணம் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மரத்தடி வெறும் மூர்க்கத்தனம் என்றால் நமக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும். அத்தனை பேர், அத்தனை நிதானமாக, அத்தனை நேரம் பேசுகிறார்கள். ஹிருத்திடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை.

படத்துக்கு ஆதாரமான நிஜ வழக்கில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு அந்தப் பெண் தற்காப்புக்காகவே சுட்டாள் என்று நீதிமன்றம் விடுவித்தது. கணவனாகத் தன்னை நினைத்துக்கொண்டவனைக் கொன்ற ஒரு சிறுமி, தற்காப்பு என்று சொல்லி விடுதலையானது அந்த நாட்டுக்கே புதிது. ஆனால் ஊர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் ஊருக்குள் வரக் கூடாது என்பது மரத்தடியின் முடிவு. ஜெயிலிலிருந்து வந்தவளுக்குப் போக வீடு இல்லை. கட்டாயக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்குள் மாட்டிக்கொண்டவர்களின் துயரத்தைச் சொல்வார்கள். தப்பித்தவள் கொடுக்கும் விலையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவள் அப்பா அம்மாவை இழந்தாள், ஊரை இழந்தாள். எந்தச் சட்டப் பிரிவும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சட்டம் பிறகு மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. மாறிய விதமும் சுவாரசியம். முதலில் 2000-ல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை 1960-ஆம் ஆண்டுச் சிவில் சட்டப்படி பெண்ணுக்குக் கல்யாண வயது 15. அது 18 ஆனது. (அந்தச் சிவில் சட்டத்தை வரைந்தவரும் ஓர் ஐரோப்பியர்தான், ரெனே டேவிட் என்ற பிரெஞ்சுக்காரர்.) ஆனால் தண்டனைச் சட்டம் பழையதாகவே கிடந்தது. இந்த இடைவெளியில், 2001-ல், அர்சிப் பகுதியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் மீட்டது. அவன் ஜாமீனில் வந்து மறுபடி தூக்கினான். இந்த முறை அவளிடம் ஒரு கல்யாண ஒப்பந்தத்தில் பலவந்தமாகக் கையெழுத்தும் வாங்கினான். புறவாசலின் சாவி அந்தக் கையெழுத்துதான் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2003-ல் கீழ்நீதிமன்றம் அவனுக்கு 10 ஆண்டு கொடுத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தாகி அவன் வெளியே வந்தான். சம்மதத்தோடு நடந்ததாகவே தெரிகிறது என்று மேல்நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண் விடவில்லை. மெயாஸாவின் சங்கமும் ஈக்வாலிட்டி நவ் என்ற அமைப்பும் வழக்கை ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம்வரை கொண்டுபோயின. 2015-ல் ஆணையம் எத்தியோப்பிய அரசைப் பொறுப்பாக்கி, 1,50,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. சிறுமியாகப் போனவள் அப்போது வளர்ந்த பெண்.

இதற்கிடையில் 2004-ல் இயற்றப்பட்டு 2005-ல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம் அந்தப் புறவாசலை அடைத்தது. கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் 3 முதல் 10 ஆண்டு. அதோடு வன்புணர்வும் நடந்தால் அதற்குத் தனித் தண்டனை. பிறகு கட்டிக்கொண்டாலும் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று 587-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இது தானாக வந்த ஞானோதயம் இல்லை. பெண் வழக்கறிஞர் சங்கம் ஆண்டுக்கணக்கில் தட்டிய கதவு. அரசுக்கு அந்தச் சங்கத்தின் மேல் எப்போதும் அன்பு இருந்ததாகவும் நினைத்துவிடாதீர்கள். 2001-ல் நீதி அமைச்சகம் அதைச் சில வாரங்களுக்கு முடக்கியே வைத்தது. சட்டம் மாறியதும் தெலெஃபா ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. முன்பு ஊர் அறியச் செய்தார்கள். இப்போது கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு மாற்றம்தான், சின்ன மாற்றம்.

இனி, படத்தின் விளம்பரங்களில் இல்லாத ஒரு பகுதி. 2014 செப்டம்பரில் அடிஸ் அபாபாவின் தேசியத் திரையரங்கில் முதல் காட்சி. பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். படம் தொடங்கும் நேரத்தில் நீதிமன்றத் தடை உத்தரவு வந்து நிற்கிறது. இயக்குநர் மேடையேறி, படம் ஓடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. தடை கேட்டுப் போனது மதவாதிகளோ ஊர்ப் பெரியவர்களோ இல்லை. அபெராஷ் பெகேலே. அதாவது, நிஜ ஹிருத்.

அவளுடைய கோபத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. படத்தில் மெயாஸா தன் சொந்தப் பெயரோடு வருகிறார். துப்பாக்கி தூக்கியவளுக்குப் புதுப் பெயர். அது பாதுகாப்புக்காக, இது வக்கீலைப் பற்றிய படம் என்று எடுத்தவர்கள் பக்கம் ஒரு நியாயம் சொல்ல முடியும். ஆனால் அபெராஷ் ஒன்றும் ஒளிந்துகொண்டிருந்த ஆள் இல்லை. அவளைப் பற்றி பிபிசி 1999-லேயே ஆவணப்படம் எடுத்து ஒளிபரப்பியிருந்தது. தன் வாழ்க்கையைத் தன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள், தனக்கு அங்கீகாரமே இல்லை என்பது அவள் குறை. பெண்ணின் சம்மதத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்கள், அந்தப் பெண்ணின் சம்மதத்தை வாங்காமல் விட்டுவிட்டார்கள். பிறகு இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். எத்தியோப்பியாவில் படமும் ஓடியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு அந்த நாடு அனுப்பிய படமும் இதுவே.

இதனால் படம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் இது தெரிந்த பிறகு படத்தில் ஒரு சாய்வு கண்ணில் படுகிறது. பாதிக்கு மேல் கேமரா வக்கீலோடுதான் நடக்கிறது. அமைச்சகத்தோடு மோதல், சங்கத்துக்கு நெருக்கடி, கோப்புகள், காரில் போவதும் வருவதும். ஹிருத் மெயாஸாவின் வீட்டில் தங்கியிருக்கும் பகுதியில்தான் அவள் மனுஷியாகத் தெரிகிறாள். நகரத்தில் தனியாக ஒரு பெண் வீடு எடுத்து, சம்பாதித்து, யாரையும் கேட்காமல் வாழ்வதைக் கிராமத்துப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹிருத்தாக நடித்த திசித்தா ஹகெரே அதிகம் பேசுவதில்லை, பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு இன்னும் ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். சட்ட நாடகத்துக்கு அவசரப்பட்டுவிட்டார்கள்.

மெயாஸா அஷெனாஃபி 2018-ல் எத்தியோப்பிய உச்ச நீதிமன்றத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2023 தொடக்கத்தில் விலகினார். அபெராஷ் நாட்டைவிட்டுப் போய்ச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பெண்களைக் கடத்திக் கட்டும் வழக்கத்துக்கு எதிராகவே வேலை செய்யத் தொடங்கினாள்.

"பார்க்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டால், பாருங்கள். 99 நிமிடம்தான். இரவுக் காட்சியைக் கண்ணை உறுத்தும்படி காட்டவில்லை, வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். முடிந்தால் டமியானியின் இத்தாலியப் படத்தையும் தேடிப் பிடியுங்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்தால், அல்கமோவில் தூது வந்தவர்களும் எத்தியோப்பிய மரத்தடியில் உட்கார்ந்தவர்களும் ஒரே கணக்கைத்தான் இரண்டு மொழியில் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். மரத்தடிக் காட்சி வரும்போது மட்டும் டீ போட எழுந்துபோய்விடாதீர்கள். அந்தக் காட்சி நீளம் என்று பலர் குறைசொல்வார்கள், அந்த நீளம் வேண்டியதுதான்.